அது காத்துப் பிடிப்பு இல்லை

நெஞ்சு வலித்தால் நம் வீடுகளில் முதலில் தேடப்படுவது தைலப் புட்டி. அதற்கடுத்து இஞ்சித் தண்ணீர். மருத்துவமனை என்ற பேச்சு கடைசியில்தான் வரும். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அப்படிப்பட்ட ஓர் இரவு.

சிரம்பான் லோபாக்கில் எங்கள் பெரியப்பா வீடு. நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் சீவி வளர்ந்தவர். தோட்டம் கைமாறி, மரங்கள் சாய்க்கப்பட்டு, வீடமைப்புத் திட்டம் வந்தபோது குடும்பத்தோடு நகரத்திற்குப் பெயர்ந்தார். செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் காவலாளி வேலை. ஒரு நாளைக்கு 12 மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அன்று அவருக்கு வயது 56. பருவ விடுமுறையில் நான் அவர் வீட்டில் தங்கியிருந்தேன்.

இரவு சாப்பாடு முடிந்து பத்து மணி இருக்கும். நெஞ்சின் நடுவில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் இருப்பதாகச் சொன்னார். சட்டை முழுவதும் வியர்வை. "ஆஸ்பத்திரிக்குப் போவோமாங்க?" என்று பெரியம்மா கேட்டார். "ஒண்ணுமில்ல, காத்துதான் பிடிச்சிருக்கு. காலையில சரியாயிடும்" என்றார் பெரியப்பா. தைலம் தேய்த்துவிட்டவன் நான்தான். நள்ளிரவில் ஒருமுறை வாந்தி எடுத்தார். வாயு வெளியேறிவிட்டது என்று எல்லாரும் நிம்மதியடைந்தோம். விடியற்காலை ஆறு மணிக்கு மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். எட்டு மணி நேரம் வீணாகியிருந்தது. பெரியப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத் தசையின் ஒரு பகுதி பிழைக்கவில்லை. இப்போது சந்தைக்கு நடந்துபோய் வருவதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்குகிறார்.

அந்த இரவில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சில இருந்தன. அவற்றைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இதயத்தில் என்ன நடக்கிறது?

நம் இதயம் நிமிடத்திற்கு ஏறக்குறைய 70 முறை துடிக்கிறது. ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் 1 லட்சம் துடிப்புகள். ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை அது இறைக்கிறது. உடல் முழுவதற்கும் இரத்தம் அனுப்பும் இதயத்திற்கும் இரத்தம் வேண்டும். அதைக் கொண்டு செல்பவை இதயத்தின் மேற்பரப்பில் படர்ந்திருக்கும் கரோனரி இரத்தக் குழாய்கள்.

இந்தக் குழாய்களின் உட்சுவரில் கொழுப்பு படியத் தொடங்குவது முதுமையில் அன்று, இளமையிலேயே. புகை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவை உட்சுவரைச் சேதப்படுத்தும்போது படிவு வேகமாக வளர்கிறது. குழாய் சுருங்கச் சுருங்க, நடக்கும்போதும் படியேறும்போதும் நெஞ்சில் இறுக்கம் தோன்றும், ஓய்வெடுத்தால் அடங்கிவிடும். இதற்கு ஆஞ்சைனா என்று பெயர். சில வேளைகளில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, குழாயை அடைத்துவிடுகிறது. அதுவே மாரடைப்பு. அடைப்புக்கு அப்பால் உள்ள தசை, பிராணவாயு இல்லாமல் சிறிது சிறிதாக மடிகிறது. மடிந்த தசை மீண்டும் வளர்வதில்லை, வடுவாகிவிடுகிறது. பெரியப்பாவின் எட்டு மணி நேரத்திற்கு இதுதான் பொருள்.

பேருந்துப் படிகளும் பால்மரக் காடும்

உடலுழைப்புக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை முதலில் தெளிவாகக் காட்டியவர்களுள் ஒருவர் இங்கிலாந்து மருத்துவர் ஜெரி மோரிஸ். அவர் தேர்ந்தெடுத்தது இலண்டன் மாநகரின் இரட்டை மாடிப் பேருந்துகளை. ஒரே பேருந்தில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஓட்டுநர் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார். நடத்துநரோ ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குகிறார். 1953இல் வெளிவந்த அந்த ஆய்வில், ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. வந்தவர்களுக்கும் அது பிந்திய வயதில், கடுமை குறைந்த வடிவில் வந்தது. நடந்து கடிதம் கொடுக்கும் தபால்காரர்களையும் மேசையில் அமர்ந்திருக்கும் எழுத்தர்களையும் ஒப்பிட்டபோதும் இதே போக்குத்தான் தெரிந்தது.

ஓட்டுநர்கள் முதலிலேயே பருமனானவர்களாக இருந்திருக்கலாமே என்ற ஐயம் மோரிஸுக்கே எழுந்தது. சீருடைக் காற்சட்டைகளின் இடுப்பளவை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் பிற்பாடு பல நாடுகளில் நடந்த ஆய்வுகள், உடல் எடையை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் உடலியக்கம் தனியாகவே இதயத்தைக் காக்கிறது என்று காட்டின. மோரிஸும் வாழ்நாள் முழுவதும் உடற்பயிற்சியை விடவில்லை. 2009இல் அவர் மறைந்தபோது வயது 99.

இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு நம் தோட்டங்கள்தாம் நினைவுக்கு வந்தன. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பிறகு ஒரு வெட்டுக்கு ஏறக்குறைய 500 மரங்களைச் சுற்றிவந்து சீவி, மறுபடியும் அதே மரங்களுக்குப் போய் மங்குகளில் இருந்து பாலெடுத்து, வாளிகளைத் தூக்கிக்கொண்டு மேடு பள்ளம் ஏறி இறங்கியவர்கள் நம் தாத்தா பாட்டிகள். உடற்பயிற்சி என்ற சொல்லே அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அதற்காகத் தோட்ட வாழ்க்கை நலமான வாழ்க்கை என்று நான் சொல்லவரவில்லை. குறைந்த கூலி, நெரிசலான லயங்கள், கள்ளுக்கடை, சம்சு எல்லாம் அங்கே இருந்தன. ஆனால் அந்த நடையை மட்டும் நாம் இழந்தோம். அந்த நடைக்கேற்ற சாப்பாட்டை இழக்கவில்லை. காலையில் சீனி போட்ட தேநீர், மதியம் மலைபோல் சோறு, இரவில் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும் ரொட்டி சானாயும். ஐந்நூறு மரம் நடந்தவரின் சாப்பாட்டை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சாப்பிடுகிறார். வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் பத்துக் குறள்களில் பெரும்பகுதியை உண்ணும் அளவைப் பற்றிப் பேசவே செலவிட்டார் என்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

நமக்கு ஏன் கூடுதல் கவனம்?

மலேசியாவில் மருத்துவர்கள் உறுதிப்படுத்திய மரணங்களில், 2022ஆம் ஆண்டு முதலிடத்தில் இருந்தது இதய இரத்தக் குழாய் நோய், 16.1 விழுக்காடு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியர்களிடையே அந்த அளவு 31.4 விழுக்காடு, ஏறக்குறைய மூவரில் ஒருவர். நீரிழிவு, இதயக் குழாய் அடைப்புக்கு நேர்வழி.

52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, புகை, கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கறி பழம் குறைந்த உணவு, மது, உடலியக்கமின்மை ஆகிய ஒன்பதும் சேர்ந்தே உலகின் பெரும்பாலான முதல் மாரடைப்புகளுக்குக் காரணம் என்றது. அதே ஆய்வின் தரவுகளில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடு வயது 53; மற்ற நாட்டவர்களுக்கு ஏறக்குறைய 59. நம் இனத்தவருக்கு ஆறாண்டு முன்னதாகவே வந்துவிடுகிறது. 53 என்பது இதைப் படிக்கும் பலரின் அப்பா அம்மாவுடைய வயது.

மனந்தளர வேண்டியதில்லை. பரம்பரையையும் வயதையும் நம்மால் மாற்ற முடியாது. அந்த ஒன்பதையோ மாற்றவோ கட்டுப்படுத்தவோ முடியும்.

எவ்வளவு பயிற்சி வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, பெரியவர்களுக்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது. கடுமையான பயிற்சி என்றால் 75 முதல் 150 நிமிடம் போதும். இவற்றோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவை. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிட வேக நடை என்றால் 150 நிமிடம் நிறைவாகிவிடும்.

மிதமானதா கடுமையானதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. நடந்துகொண்டே பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான பயிற்சி. இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்க வேண்டியிருந்தால் அது கடுமையானது. நாடித் துடிப்பை எண்ணியும் பார்க்கலாம். 220இலிருந்து வயதைக் கழித்தால் வருவது தோராயமான உச்சத் துடிப்பு. அதில் 50 முதல் 70 விழுக்காடு மிதமான பயிற்சிக்கு உரியது. 20 வயது மாணவருக்கு அது நிமிடத்திற்கு 100 முதல் 140.

பயிற்சி செய்யும் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை இறைக்கக் கற்றுக்கொள்கிறது. அதனால் ஓய்வில் குறைவாகத் துடித்தாலே போதுமானதாகிறது. இரத்த அழுத்தம் இறங்குகிறது. தசைகள் சீனியை எளிதில் எடுத்துக்கொள்வதால் நீரிழிவு கட்டுக்குள் வருகிறது. நல்ல கொழுப்பு சற்றுக் கூடுகிறது.

நாற்பதைத் தாண்டி, இதுவரை பயிற்சியே செய்யாத பெற்றோரை ஒரே நாளில் அரை மணி நேரம் நடக்கச் சொல்ல வேண்டாம். முதல் வாரம் நாளுக்கு 10 நிமிடம். பிறகு வாரத்திற்கு 5 நிமிடம் கூட்டினால் ஐந்தாவது வாரத்தில் 30 நிமிடத்திற்கு வந்துவிடுவார்கள். தொடக்கத்தில் 5 நிமிடம் மெதுவாக நடந்து உடலைச் சூடாக்க வேண்டும். முடிக்கும்போதும் திடீரென்று நின்றுவிடாமல் மெல்ல வேகத்தைக் குறைக்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் அல்லது சாய்ந்த பின் நடப்பது நல்லது. புகைமூட்ட நாள்களில் வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்யலாம். இதய நோய், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும்.

மாணவர்களாகிய நாம் வேறு வகையான தவற்றைச் செய்கிறோம். பருவம் முழுவதும் விடுதி அறைக்கும் விரிவுரை மண்டபத்திற்கும் இடையில் இருந்துவிட்டு, ஒரு சனிக்கிழமை குனோங் அங்சி மலையேறப் போகிறோம். அல்லது நள்ளிரவில் இரண்டு மணி நேரம் ஃபுட்சால் ஆடுகிறோம். என்றோ ஒருநாள் செய்யும் கடும் பயிற்சியைவிட நாள்தோறும் செய்யும் எளிய பயிற்சியே இதயத்திற்குப் பாதுகாப்பு. மின்தூக்கியை விட்டுப் படியேறுவதும் கணக்கில் சேரும். காய்ச்சலில் இருக்கும்போது மட்டும் எந்த விளையாட்டும் வேண்டாம். சில நோய்க் கிருமிகள் இதயத் தசையையே அழற்சியுறச் செய்யக்கூடும். அந்நேரத்துக் கடும் உழைப்பு ஆபத்தானது.

பயிற்சியின்போது எப்போது நிறுத்த வேண்டும்?

வியர்ப்பதும் மூச்சு வாங்குவதும் இயல்பு. கீழ்க்கண்டவை இயல்பல்ல:

1. நெஞ்சு, கழுத்து, தாடை, தோள், கை ஆகியவற்றில் வலி அல்லது இறுக்கம்.
2. தலைசுற்றல், கண் இருட்டுதல், மயக்கம்.
3. வழக்கமாகச் செய்யும் அதே வேலைக்கு வழக்கத்தைவிட அதிகமாக மூச்சு வாங்குதல்.
4. இதயம் தாறுமாறாகத் துடிப்பதுபோன்ற உணர்வு.

இவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே நிறுத்தி உட்கார வேண்டும். ஓய்வில் அடங்கிவிட்டாலும் மருத்துவரைப் பார்க்காமல் மறுபடியும் பயிற்சி செய்யக்கூடாது. விளையாடும்போது மயங்கி விழுந்த இளைஞர் எவரானாலும், தண்ணீர் தெளித்து எழுப்பியதோடு விட்டுவிடாமல், இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். நெருங்கிய உறவில் யாரேனும் இளம் வயதில் திடீரென இறந்திருந்தால், அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அப்பா அல்லது அண்ணனுக்கு 55 வயதுக்கு முன்போ, அம்மா அல்லது அக்காவுக்கு 65 வயதுக்கு முன்போ இதய நோய் வந்திருந்தாலும் சொல்ல வேண்டும்.

மாரடைப்பின் எச்சரிக்கைகள்

திரைப்படத்தில் வருவதுபோல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிவது எல்லாருக்கும் நேர்வதில்லை. பலருக்கு அது மெதுவாகத்தான் தொடங்குகிறது. நெஞ்சின் நடுவில் அழுத்தம், பிசைதல், எரிச்சல், பாரம் என்று பலவாறாகச் சொல்வார்கள். சில நிமிடங்களுக்கு மேல் நீடிக்கும். அல்லது விட்டுவிட்டு வரும். இடக்கை, இரு கைகள், முதுகு, தாடை, மேல்வயிறு ஆகியவற்றிற்கும் பரவலாம். குளிர்ந்த வியர்வை, குமட்டல், வாந்தி, மூச்சுத்திணறல், தலைசுற்றல் கூடவே வரலாம்.

மேல்வயிற்று வலியும் குமட்டலும்தான் நம்மை ஏமாற்றுகின்றன. வாயுக் கோளாறிலும் இவை உண்டு. வீட்டில் இருந்துகொண்டு இரண்டையும் பிரித்தறிய யாராலும் முடியாது. இ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும் செய்துதான் மருத்துவரே முடிவுக்கு வருகிறார். ஏப்பம் வந்தால் வாயு, வாந்தி வந்தால் பித்தம் என்று நாம் தீர்ப்புச் சொல்வது சரியன்று.

பெண்கள், முதியவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் ஆகியோரிடம் நெஞ்சுவலி இல்லாமலும் மாரடைப்பு வரலாம். காரணமில்லாத கடும் அசதி, மூச்சு வாங்குதல், வியர்வை மட்டும் இருக்கலாம். வீட்டு வேலைக் களைப்பு என்று அம்மாக்கள் இதைச் சொல்லாமலே மறைத்துவிடுகிறார்கள்.

அந்த முதல் நிமிடங்களில்

ஐயம் தோன்றிய உடனே 999ஐ அழையுங்கள். நோயாளியை நடக்கவிடாதீர்கள், வசதியாகச் சாய்ந்து உட்காரவைத்து, இறுகிய உடையைத் தளர்த்துங்கள். அவரே காரோ மோட்டார் சைக்கிளோ ஓட்டிச் செல்லக்கூடாது. ஏற்கெனவே மருத்துவர் கொடுத்த, நாக்கின் அடியில் வைக்கும் மருந்து இருந்தால் அவர் சொன்னபடி கொடுக்கலாம். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தக்கசிவோ உள்ளவர்களுக்கு ஆகாது. ஆகவே அவசர அழைப்பில் பேசுபவர் சொன்னால் மட்டும் மென்று விழுங்கக் கொடுக்க வேண்டும். உணவு, கஷாயம் எதுவும் வேண்டாம்.

கோலாலம்பூரில் 1992 முதல் தேசிய இருதயக் கழகம் இயங்கிவருகிறது. "நேராக அங்கேயே கொண்டுபோவோம்" என்று நெடுஞ்சாலையில் காரை விரட்டுபவர்கள் உண்டு. அப்படிச் செய்யக்கூடாது. அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே முதலில் போக வேண்டும். லோபாக்கில் இருப்பவருக்கு அது சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை. உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் மருந்தும், குழாயில் பலூன் விட்டு அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைக்கும் சிகிச்சையும் முதல் ஓரிரு மணி நேரத்திற்குள் கிடைத்தால் பலன் மிகுதி. மணி ஏற ஏறப் பலன் தேய்கிறது.

நோயாளி சுயநினைவிழந்து, இயல்பாக மூச்சு விடாவிட்டால் அது இதய நிறுத்தம். 999ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் சி.பி.ஆர். தொடங்க வேண்டும். நெஞ்சின் நடுவில் ஒரு கையின் அடிப்பாகத்தை வைத்து, மறு கையை அதன்மேல் கோத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்திற்கு, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். அருகில் ஏ.இ.டி. கருவி இருந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள். அதுவே குரல்வழி வழிகாட்டும். செம்பிறைச் சங்கமும் சென்ட் ஜான் ஆம்புலன்ஸும் இதைக் கற்பிக்கின்றன. ஒரு நாள் செலவிட்டுக் கற்றுக்கொள்ளலாம்.

தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருந்தால் பிழைத்துவிடலாம் என்று ஒரு செய்தி அன்று மின்னஞ்சலில் சுற்றியது. இன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பொதுமக்களுக்கு இம்முறையை மருத்துவ அமைப்புகள் பரிந்துரைப்பதில்லை. இருமிக்கொண்டிருக்கும் நேரம் 999ஐ அழைக்க வேண்டிய நேரம்.

வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு

நண்பர்களே, வீட்டில் நான்கு அளவுகளை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரத்த அழுத்தம் 140/90ஐ எட்டுகிறதா? வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சீனி 7.0ஐத் தொடுகிறதா? கொழுப்பின் அளவு என்ன? இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேல் இருக்கிறதா? அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு, 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டம் இலவசப் பரிசோதனை அளிக்கிறது. புகைப்பவர் வீட்டில் இருந்தால், நிறுத்திய ஓராண்டிலேயே புகையால் வந்த கூடுதல் இதய ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்று சொல்லுங்கள். மாத்திரைகளை "இப்போது நன்றாக இருக்கிறது" என்று தாமாகவே நிறுத்தியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

எங்கள் பெரியப்பா புகையை விட்டுவிட்டார். மருத்துவமனையின் இதய மறுவாழ்வுப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, தினமும் காலையில் திடலைச் சுற்றி மெதுவாக நடக்கிறார். விடுமுறைக்குப் போனால் நானும் கூடவே நடப்பேன். போன தடவை மூன்று சுற்று; இந்தத் தடவை ஐந்து. "முந்தி இந்நேரத்துக்கு அரை வெட்டு முடிச்சிருப்பேன்டா" என்று சிரிக்கிறார்.

தைலப் புட்டி இன்னும் அந்த வீட்டு அலமாரியில் இருக்கிறது. அலமாரிக் கதவில் 999 என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார் பெரியம்மா.